காலி டிரம்மில் என்ன இருக்கிறது?

தோட்டத்துக்காரர்கள் எதையும் லேசில் தூக்கி வீசமாட்டார்கள். 44 கேலன் டிரம் ஒன்று லயத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மறுபிறவி நிச்சயம். மேல்மூடியை வெட்டினால் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. நெடுக்காகப் பிளந்தால் மாட்டுத்தொட்டி. பாதியாக அறுத்து, பக்கத்தில் விறகு தள்ள ஒரு வாய் வைத்தால் திருவிழா அன்னதானத்துக்கு அடுப்பு. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களை விட்டு சிரம்பானுக்கும் லோபாக்குக்கும் குடிவந்தபோது, இந்தச் சிக்கனமும் மூட்டை முடிச்சோடு சேர்ந்தே வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, டிரம்மை வெட்டும் அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர.

அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகிறது? பழைய இரும்புக் கடையில் வாங்கிய டிரம் வெல்டிங் பட்டறைக்கு வருகிறது. பட்டறைக்காரர் விரலை மடக்கித் தட்டுகிறார், டங்கென்று ஒலிக்கிறது. கவிழ்த்துப் பார்க்கிறார், ஒரு சொட்டும் விழவில்லை. “காலிதாண்ணே” என்கிறான் கையாள். கிரைண்டர் சுழல்கிறது, பொறி பறக்கிறது.

தட்டிப் பார்த்ததும் கவிழ்த்துப் பார்த்ததும் சோதனையே அல்ல. எரிவது திரவம் இல்லை, அதன் ஆவி. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 200 லிட்டர் டிரம்மை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 15 மில்லி பெட்ரோல் போதும். ஒரு மேசைக்கரண்டி! அவ்வளவு, டிரம்மின் விளிம்பு மடிப்பிலேயே ஒளிந்திருக்கும், கவிழ்த்தாலும் விழாது. நிரம்பிய டிரம்மில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமே குறைவு. அதனால்தான் நிரம்பியதைவிடக் காலி டிரம் பொல்லாதது.

“தண்ணி ஊத்திக் கழுவிட்டோமே” என்பார்கள். பெட்ரோலும் தின்னரும் தண்ணீரில் கரைவதில்லை. “டீசல்தானே” என்பார்கள். டீசல் சாதாரண வெப்பத்தில் சாது. கேஸ் கட்டரின் சூட்டில் அதுவும் ஆவியாகும். காய்ந்துபோன பெயிண்ட்டும் பிசினும்கூட அப்படித்தான்.

பட்டறைக்காரரின் படிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் காலித் தொட்டி பெரிய பெரிய நிறுவனங்களையே ஏமாற்றியிருக்கிறது. 1969 டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், மார்பெசா, மாக்ட்ரா, கோங் ஹாக்கோன் என்ற மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மூன்றும் சரக்கை இறக்கிவிட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டு வந்தவை. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானத்தில் வெடித்தது, ஏறக்குறைய காலியாக இருந்த நடுத்தொட்டி. 230 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல்காரர்கள் பாடம் படித்தார்கள்: காலித் தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த வாயுவைச் செலுத்தி, தீ பிடிக்கவே முடியாதபடி செய்வது இன்று பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்குக் கட்டாயம்.

மலேசியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ரசாயனம் ஒட்டியிருக்கும் காலிக் கலன்கள், 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி, எஸ்டபிள்யூ 409 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆபத்தான ரசாயனக் கலனில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு விதி. எரியக்கூடியது என்றால் சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுவாலைப் படம் இருக்கும். ஆனால் கைமாறிக் கைமாறி வரும் டிரம்மில் அந்தக் காகிதம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் மேலே நீலப் பெயிண்ட் அடித்திருக்கும். உள்ளே சரக்கு இருக்கும்வரை டிரம்முக்கு ஆயிரம் படிவம். தீர்ந்த மறுநாளே அது அநாதை. கழுவாத டிரம்மை வெளியே விற்கும் தொழிற்சாலையைப் பிடிக்காமல், கடைசியில் கிரைண்டரைப் பிடித்தவனின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதுவது நியாயமாகாது.

முறையாக வெட்ட வழி உண்டு. நீராவியால் சுத்தம் செய்து, ஆவியை அளக்கும் கருவியால் சோதித்து, தேவைப்பட்டால் நைட்ரஜன் நிரப்பி, மூடிகளைத் திறந்துவைத்து வெட்டுவார்கள். தெருவோரப் பட்டறையில் இது நடக்காது. நடக்கும் என்று நம்பவும் வேண்டாம்.

ஆகவே கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடத் திருவிழாவுக்கு அடுப்பு வேண்டுமென்றால் புதுத் தகட்டில் செய்யச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும். டிரம்தான் வேண்டும் என்றால், அது எதை ஏற்றி வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.