கதவு சாத்தினால்தான் வண்டி கிளம்பும்

லிஃப்ட்டில் ஏறியதும் சில பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். கவனித்திருக்கிறீர்களா? கயிறு அறுந்தால் என்ன ஆவது என்கிற கவலை. இந்தக் கவலைக்கு 1854-லேயே நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் பதில் சொல்லிவிட்டார். பொருட்காட்சியில் கூட்டத்துக்கு நடுவே, தூக்கிய மேடையில் தானே ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி, கப்பென்று நின்றுவிட்டது. ஆகவே கயிற்றை விடுங்கள் ஸார். எதிரே இருக்கிற கதவைப் பாருங்கள்.

எங்கள் புதுக்கோட்டை படுக்கைவாட்டில் வளர்ந்த ஊர். அந்தக் காலத்தில் நேர்நேராகத் தெருப் போட்டார்களே தவிர, யாரும் உயரே போக ஆசைப்படவில்லை. இப்போது துணிக்கடை, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் என்று நாலு மாடி ஆகிவிட்டது. மாடி இருந்தால் லிஃப்ட். லிஃப்ட் இருந்தால் 'பழுது' என்று ஓர் அட்டை.

பி.காம். படித்த பாவத்துக்கு நான் கணக்குப் பார்க்கப் போகும் வணிக வளாகம் ஒன்றிலும் (பெயர் வேண்டாமே!) அந்த அட்டை அடிக்கடி தொங்கும். ஒரு முகூர்த்த நாள் காலையில் வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"ரெண்டாவது மாடிக் கதவு சரியா சாத்தல சார். அதான் நிக்குது."

கீழே நிற்கிற எனக்கும் இரண்டாவது மாடிக் கதவுக்கும் என்ன சம்பந்தம்? திருச்சியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் தம்பிதான் பாடம் நடத்தினார். கூண்டோடு பயணம் செய்யும் கதவு ஒன்று. மாடிக்கு ஒன்றாக அங்கேயே காவல் இருக்கும் கதவு வேறு. மோட்டார் கூண்டுக் கதவுக்கு மட்டும்தான். கூண்டு வந்து நின்றதும் அதன் கதவிலுள்ள தகடு, மாடிக் கதவின் கொக்கியை விலக்கி, அதையும் கூட இழுத்துக்கொண்டு போகும். (கல்யாண வீட்டில் மனைவி நம்மை இழுத்துப் போவது மாதிரி.) ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு மின் காண்டாக்ட். எல்லாம் ஒரே வரிசை. கோயில் திருவிழா சீரியல் பல்பு போல, ஒன்று தொடாவிட்டால் மொத்தமும் அவுட்.

சரி, ஏன் தொடவில்லை? கதவின் அடிப்பக்கம் வழுக்கிப் போக வாசலில் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, அதை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினார். வந்தவை: எட்டணா ஒன்று, சேஃப்டி பின், பாக்குப் பொட்டலக் காகிதம், யாரோ தின்ற ஆதனக்கோட்டை முந்திரியின் தோல், பாக்கியெல்லாம் நம் ஊர்ச் செம்மண். போதாததற்கு ஒரு புண்ணியவான் அதில் எண்ணெய் வேறு விட்டிருந்தார். எண்ணெய் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். அந்தப் பள்ளத்துக்கு வேண்டியது காய்ந்த பிரஷ் மட்டும்தான், தினமும் காலையில் இரண்டு நிமிஷம். தரை கழுவுகிற தண்ணீரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கதவோரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை உண்டு. ஆள் குறுக்கே நின்றால் கதவை மூட விடாது. அதன் கண்ணாடியில் தூசி படிந்தால், ஆளே இல்லாமல் கதவு திறந்து திறந்து மூடும். பேய் என்பார்கள். துணியால் துடைத்தால் பேய் போய்விடும்!

குப்பை போயும் கதவு முழுதாகச் சேரவில்லை. சரக்குத் தள்ளுவண்டி இடித்ததில் மேலே கொக்கிப் பக்கத்து உருளை ஒன்று உடைந்திருந்தது. மாற்று உருளை திருச்சியிலிருந்து வரவேண்டும். முதலாளி கடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் காண்டாக்டுல ஒரு வயரைக் குறுக்க போட்டு ஓட்டி விடு. சாயந்திரம் பாத்துக்கலாம்."

"முடியாதுண்ணே."

"போன தடவ வந்த பையன் போட்டானே!"

"அவன் போட்டிருந்தா தப்புண்ணே. வயரைப் போட்டா, கதவு சாத்தியிருக்குன்னு மெஷின் நெனச்சுக்கும். கதவு திறந்திருக்கும், கூண்டு நாலாவது மாடிக்குப் போயிடும். புடவைய பாத்துக்கிட்டே வர்ற அம்மா கால எங்க வைப்பாங்க?"

முதலாளி பதில் பேசவில்லை. நானும்தான். எனக்கு விற்பனைக் கணக்குத் தெரியும். இந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் எழுதுவது? லிஃப்ட்டுக்கென்று தமிழ்நாட்டில் 1997-ல் சட்டமே போட்டார்கள், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஆனால் அந்த முகூர்த்த நாளில் சட்டமாக வந்து நின்றது இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன்தான். இரண்டாவது மாடி வாசலில் மேஜையைக் குறுக்கே போட்டு, மெயினை அணைத்து, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். உருளை மூன்றரை மணி பஸ்ஸில் வந்தது.

போகும்போது இன்னொன்றும் சொன்னான். பாதியில் மாட்டிக்கொண்டால் கதவை நெம்பி வெளியே குதிக்கக் கூடாதாம். கூண்டு தரைக்கு மேலே நின்றால், கீழே தெரிகிற இடைவெளி நேரே குழிதான்; சறுக்கினால் அதில்தான் போவோம். மூச்சு முட்டாது, கூண்டுக்குக் காற்றுத் துவாரம் உண்டு. மணியை அடித்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

"கதவு திறந்ததும் செல்போனைப் பாக்காம, தரையைப் பாத்து ஏறச் சொல்லுங்க சார், எழுதுறப்ப."

எழுதிவிட்டேன் தம்பி.