ஓடிய படமும் உயர்ந்த படமும்

‘மாபெரும்’ என்னும் சொல் இற்றைத் தமிழில் படும் பாடு பெரும்பாடு. மா என்றாலும் பெருமை. பெரும் என்றாலும் பெருமை. ஒரு சொல்லால் சொல்லி நிறைவுறாத இடத்தில் இரண்டையும் அடுக்குதலை ஒருபொருட்பன்மொழி என்பர் இலக்கணத்தார். இன்றோ படம் திரைக்கு வருமுன்னரே ‘மாபெரும் வெற்றிப் படம்’ என்று சுவரொட்டி அச்சாகிவிடுகின்றது. வெற்றி இன்னும் வழியிலேயே இருக்கின்றது. பெருமை அதனை முந்திக்கொண்டு வந்து சுவரில் அமர்ந்துவிட்டது! மூன்றாம் கிழமை அதே சுவரில் வேறொரு படம். அதுவும் மாபெரும் படமே.

எது பெரும்படம் என்னும் வழக்கு தேநீர்க் கடையிலும் நடக்கின்றது. திருமணப் பந்தலிலும் நடக்கின்றது. தந்தை சிவாசி கணேசனைச் சொன்னால் மகன் கமலகாசனைச் சொல்கின்றான். பாட்டியோ கே. பி. சுந்தராம்பாளின் ‘ஔவையா’ரை எவர்க்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இது வெறும் பொழுதுபோக்கு வழக்கு என்று தமிழ்ப் பற்றாளர் ஒதுங்கி நிற்றல் ஆகாது. ஏடெடுத்துப் படிக்காதவர் காதிலும் தமிழைக் கொண்டுசேர்த்தவை மேடையும் திரையுமே. ஒரு தலைமுறை எதனைப் பெரும்படம் என்று தலைமேல் வைக்கின்றதோ, அதன் பேச்சையே அடுத்த தலைமுறை தன் வாயில் வைக்கின்றது.

ஓடிய நாளை அளவுகோலாகக் கொள்வோர் முதலில் வந்து நிற்கின்றனர். 1944-இல் வெளிவந்த ‘அரிதாசு’ சென்னைப் பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராச பாகவதரின் குரலைக் கேட்பதற்கென்றே மக்கள் திரும்பத் திரும்பச் சென்றனர். அது பெருங்குரல் என்பதில் ஐயமில்லை. ஆனால், பாட்டை நீக்கிவிட்டு அப்படத்தைப் பார்த்தால் எஞ்சுவது பழைய மேடைக் கூத்தே. பத்தாண்டு கழித்து, 1954-இல், எசு. பாலச்சந்தர் ‘அந்த நாள்’ என்னும் படத்தை எடுத்தார். பாட்டே இல்லாத படம். போர்க்காலச் சென்னையில் ஒருவன் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றான். கொன்றவர் யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் கண்கொண்டு கதை சொல்கின்றனர். பாட்டுக்குப் பழகிய கூட்டம் அன்று அதனைக் கைவிட்டது. இன்றோ, தமிழ்ப்படத்தின் திறத்தை அயலார்க்குக் காட்ட வேண்டுமெனின் முதலில் எடுத்து வைக்கத்தக்க படங்களுள் அதுவும் ஒன்று. ஓடிய நாள் அன்றைய கூட்டத்தின் அளவு. படத்தின் அளவு அன்று.

அடுத்து வருவோர் அயலார் பட்டியலை ஏந்தி வருகின்றனர். இலண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்டு சவுண்டு’ என்னும் இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகத் திறனாய்வாளரிடம் வாக்கெடுக்கின்றது. 1952-இல் இத்தாலியின் ‘சைக்கிள் திருடர்’ முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை ஐந்து வாக்கெடுப்பிலும் ‘சிட்டிசன் கேன்’ அரியணையில் இருந்தது. 2012-இல் ‘வெர்ட்டிகோ’ அதனை இறக்கியது. 2022-இல், பெல்சிய நாட்டுப் பெண் இயக்குநர் சாந்தால் அக்கர்மன் 1975-இல் எடுத்த ‘சான் தீல்மன்’ அனைத்தையும் தாண்டி முன் வந்தது. ஒரு கைம்பெண் தன் அடுக்களையில் வேலை செய்வதை மூன்று மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் காட்டும் படம் அது. இவற்றுள் எந்தப் படச்சுருளும் மாறவில்லை, பார்ப்போரே மாறினர். பெரும்படம் எது என்று உலகப் புலவரே எழுபதாண்டாக ஒருமனப்படவில்லை எனின், அவர் பட்டியலை வேதவாக்காக ஏந்துவானேன்?

2005-இல் அமெரிக்க ‘டைம்’ இதழ் வெளியிட்ட நூறு படப் பட்டியலில் மணிரத்தினத்தின் ‘நாயகன்’ இடம்பெற்றது. அன்றுமுதல், பலர்க்கு அப்படம் பெரும்படமானதற்கு அந்தச் சான்றிதழே போதுமாகிவிட்டது. 1987-இல் அப்படம் வந்தபோதே அதனைக் கண்டவர்க்கு வேறு கரணியங்கள் இருந்தன. ‘காட்பாதர்’ என்னும் அமெரிக்கப் படத்தின் சாயல் அதில் உண்டு, மறைப்பதற்கில்லை. எனினும், ஊரார் தெய்வமாக வணங்கிய ஒருவன், தான் நல்லவனா தீயவனா என்று பேரப்பிள்ளை கேட்கும்போது விடை தெரியாது கலங்கி நிற்கின்றானே, அந்த ஓரிடம் கடன் வாங்கியதன்று. வெற்றித் தலைவனைப் பற்றித் தமிழ்ப்படம் பொதுவாகக் கேட்க அஞ்சும் கேள்வி அது. அதற்காக அதனைப் பெரும்படம் என்க. அமெரிக்க முத்திரைக்காக வேண்டா.

இனி உள்வீட்டு வழக்கு. வெளியார் வழக்கினும் இதுவே கடினமானது.

தனித்தமிழ் அன்பர் பலர்க்கு அளவுகோல் ஒன்றே: உரையாடலில் செந்தமிழ் உண்டா? உண்டெனின் பெரும்படம், இல்லையெனின் குப்பை. இவ்வளவுகோலால் ‘பராசக்தி’யும் ‘மனோகரா’வும் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னும் முதல் வரிசையில் நிற்கும். அவற்றின் பக்கம் பக்கமான உரையாடலைச் சிறுவர் மனப்பாடமாக ஒப்பித்த காலம் இருந்தது. பள்ளி ஆண்டுவிழாக்கள் அவற்றால் அதிர்ந்தன. தமிழ்ப் பேச்சுக்கு ஒரு நிமிர்வு வந்ததில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை மறுப்பவன் நன்றி மறந்தவன்.

ஆயினும், அம்மூன்றும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. 1952-இல் கிருட்டிணன், பஞ்சு இருவரும் இயக்கிய ‘பராசக்தி’யின் முறைமன்றக் காட்சியை எண்ணிப் பார்க்க. மு. கருணாநிதி எழுதிய அவ்வுரை அடுக்குமொழியால் மட்டும் நிற்கவில்லை. பசியால் பிள்ளையையே கொல்லத் துணிந்த தங்கை கூண்டில் நின்றவள். அங்கே குணசேகரன் வாய் திறக்காதிருந்தால்தான் குறை. பேசவேண்டிய இடத்தில் பேச்சு பிறந்தது. ஆகவே அது நிலைத்தது. அப்படத்தின் வேறு பல இடங்களில் படக்கருவி மேடைக்கு முன் நாற்காலி போட்டு அமர்ந்ததுபோல் அசையாதிருக்கின்றது என்பதும் உண்மை. குறையோடும் அது பெரும்படமே.

‘கட்டபொம்ம’னின் நிலை வேறு. 1959-இல் வந்த அப்படத்துக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாசி கணேசன் சிறந்த நடிகர் விருது பெற்றார். தமிழர்க்கு அது பெருமையே. சக்தி கிருட்டிணசாமியின் உரையாடல் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியாக முழங்கிற்று. அங்கேதான் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். படத்தைக் காணாது, ஒலியை மட்டும் கேட்டவர்க்கும் அங்கே எதுவும் குறைபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் முழுமையாக விளங்கும் ஒன்று பெரும் உரைநாடகம். பெரும்படம் என்பதற்கு ஒரு படி குறைந்தது. இதனைச் சொல்வோர்மீது அன்பர் சினம் கொள்வர். கொள்க. கட்டபொம்மனாக நின்றவரின் நடிப்பு எவ்வகையாலும் இதனால் தாழ்வுறாது.

செந்தமிழ் அளவுகோலை மட்டும் ஏந்தினால் கைநழுவிப் போகும் படங்களும் உண்டு. 1954-இல் வந்த ‘இரத்தக்கண்ணீ’ரில் எம். ஆர். இராதா பேசும் பேச்சில் எத்துணை ஆங்கிலம்! பண்டிதர் காது பொத்திக்கொள்ளத் தோன்றும். பொத்திக்கொள்ளாது கேட்டால் உண்மை புலப்படும். அயல்நாடு சென்று திரும்பிய மோகனசுந்தரம் தாயை இகழ்கின்றான், கட்டிய மனைவியை இகழ்கின்றான், ஊரை இகழ்கின்றான். அந்த ஆங்கிலக் கலப்பு அவன் செருக்கின் அடையாளமாகவே அவன் வாயில் வைக்கப்பட்டுள்ளது. தொழுநோய் அவன் உடலைத் தின்றபின், அந்தக் கேலி நாக்கே அவனைத் திரும்பிப் பார்த்துக் கடிக்கின்றது. திருவாரூர் தங்கராசு எழுதிய அவ்வுரையாடலைத் தூய தமிழில் மாற்றி எழுதினால் படம் செத்துப்போகும். மொழிக்கலப்பால் மாந்தன் சீரழிவதை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய வேறு தமிழ்ப்படம் அரிது. தனித்தமிழார் கொண்டாட வேண்டிய படம் இது. அவருள் பலர் முகம் சுளித்து விலகுவது விந்தையே.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ இன்னும் கடிய ஆய்வு. 1974-இல் ‘தங்கப்பதக்க’த்துக்கு நீண்ட உரையாடல் எழுதிக் கைதட்டல் பெற்ற அதே மகேந்திரன், 1979-இல் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ தந்த தூண்டுதலால் இப்படத்தை எடுத்தபோது சொல்லைச் சிக்கனமாக்கிக்கொண்டார். ஊரில் மதிப்புடைய ஒருவன். வீட்டில் மனைவியை அணுஅணுவாகக் கொல்பவன். அவன் கொடுமையைச் சொற்பெருக்கால் சொல்லவில்லை. அவன் வாசற்படி ஏறும்போது வீட்டார் அடங்கிப்போவதால் சொல்லிவிடுகின்றார். ஈற்றில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் செய்கின்றது. தன் தீமை ஊரார்க்கும் தொற்றிவிட்டதென்று சொல்லிவிட்டு அவன் இறங்குகின்றான். கரையில் அவன் பிள்ளைகள் இருவர். பெரிய சொல் ஒன்றும் அங்கே இல்லை. அசோக்குமாரின் ஒளிப்பதிவும் இளையராசாவின் இசையும் எஞ்சியதைப் பேசுகின்றன.

இப்படத்தில் இருப்பது பேச்சுத் தமிழ்தானே, இலக்கணத் தமிழ் அன்றே என்று கேட்பர். தொல்காப்பியமே வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே முதலாகக் கொண்டு எழுந்த நூல். ஊரார் நாவில் உயிரோடிருக்கும் பேச்சு தமிழுக்குப் பகையன்று. எந்த ஊரிலும் எவரும் பேசாத, ஆங்கிலத் தொடரில் தமிழ் ஈறு ஒட்டிய பேச்சே பகை. அத்தகைய பேச்சை மிடுக்கென்று காட்டும் படம் ஆயிரம் அரங்கில் ஓடினும் பெரும்படம் ஆகாது.

தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006-இல் தமிழ்நாட்டரசு அறிவித்தபோது பல படங்கள் ஒரே இரவில் தமிழ்ப் பெயர் பூண்டன. ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆயிற்று. பெயர் தமிழானதில் மகிழ்ச்சியே, ஏற்பாடும் நன்றே. ஆயினும் நெற்றியில் தமிழும் நாவில் அயல்மொழியுமாகப் பல படங்கள் வந்து போயின. வரிக்காக வந்த தமிழ் வரியோடு நின்றது.

ஆகவே அளவுகோல் எது? கூட்டம் கலைந்து, நடிகர் மேலுள்ள மயக்கம் தெளிந்து, பட்டியல்கள் பழசான பின்னும், மீண்டும் ஒருமுறை பார்க்கும்போது தமிழ் வாழ்க்கை ஒன்று உண்மையோடு திரையில் அசைகின்றதா, அதன் பேச்சு அந்த மாந்தர்க்கே உரியதாக இருக்கின்றதா என்பதே. இதனால் ‘மனோகரா’ நிற்குமா என்று வழக்காடுவோர் வழக்காடுக. பம்மல் சம்பந்தனாரின் நாடகம் அதனுள் இன்னும் மேடைமேலேயே நிற்கின்றது என்பது ஒருசார் தீர்ப்பு.

மீண்டும் பார்ப்பதற்கோ படம் இருத்தல் வேண்டும். புனேயில் நடுவணரசின் திரைப்படக் காப்பகம் தோன்றியதே 1964-இல்தான். அதற்கு முன்னரே, பழைய படச்சுருள்கள் பல மட்கியும் எரிந்தும், உள்ளிருக்கும் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டும் ஒழிந்தன. 1931 அக்தோபர் 31-ஆம் நாள் சென்னையில் திரையிடப்பட்ட முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாசு’. கதைத்தலைவியாகிய டி. பி. இராசலட்சுமி தமிழில் பேச, கதைத்தலைவன் தெலுங்கில் விடை சொன்ன படம் அது. பெரும்படமா, வெறும் வேடிக்கையா என்று அதனைப்பற்றி எவரும் வழக்காட இயலாது. அதன் சுருள் ஒன்றுகூட எஞ்சவில்லை.