குழந்தைக்குப் பொய் எதற்கு?

குழந்தையின் காதில் விழத் தகாத சொல் என்று நம்மவர் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கின்றனர். புற்றுநோய் என்பதே அச்சொல். அதனை மறைப்பதே அன்பென்று பெரியோர் கருதுகின்றனர். அவ்வன்பு பிள்ளைக்குச் செய்யும் கொடுமையை எடுத்துக்காட்டவும், அக்கொடுமைக்குத் துணைபோகும் கதைகளைக் கண்டிக்கவுமே இதனை எழுதுகின்றேன்.

யான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. இளமையில் சிங்கப்பூரில் ஆங்கிலம் பயின்றவன். என் தமக்கையின் மகன், ஒன்பது வயதினன், இரத்தப் புற்றுநோய்க்குச் சிங்கப்பூரில் மருத்துவம் பெற்று வருகின்றான். ஞாயிறுதோறும் பாலங்கடந்து, தேக்காவில் அவனுக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொண்டு சென்று காண்பது என் வழக்கம். வீட்டார் அவனிடம் "காய்ச்சல்" என்றே சொல்லி வைத்திருந்தனர். ஒருநாள் அவன் என்னை அருகழைத்து, "மாமா, நான் எப்போ இரத்த வாந்தி எடுப்பேன்?" என்று மெல்லக் கேட்டான்.

அன்பர்களே! மறைத்தோம் என்று நாம் மகிழ்ந்திருந்தது அவனுக்கு முன்னமே தெரியும். அவனுக்குப் பாடஞ்சொன்ன ஆசான் யார்? தொலைக்காட்சியிற் கண்ட பழைய தமிழ்ப் படங்கள்! 1982இல் வெளிவந்த "பயணங்கள் முடிவதில்லை", "வாழ்வே மாயம்" ஆகிய இரண்டிலும் நாயகன் புற்றுநோயால் மாள்கின்றான். நாம் வாய்மூடிய இடத்திற் சினிமா வாய்திறந்தது. அது சொன்னது ஒன்றே: இந்நோய் வந்தவன் சாவான்.

ஆங்கிலச் சிறுவர் நூல்களாவது நேர்மையுடையனவோ எனிற் பலவும் அல்ல. இரோஷிமாச் சிறுமி சடாகோவைப் பற்றி எலினார் கோர் 1977இல் வெளியிட்ட கதை உலகெங்கும் பள்ளிகளிற் படிக்கப்படுகின்றது. அணுகுண்டு வீழ்ந்தபோது இரண்டு வயதினளாயிருந்த அவள், 1955இல், பன்னிரண்டாம் வயதில், இரத்தப் புற்றால் இறந்தாள். அது மெய். ஆயினும், அவள் 644 காகிதக் கொக்குகளை மடித்ததோடு மாண்டாள் என்று அந்நூல் கூறுகின்றது. ஆயிரத்தையும் கடந்து மடித்தாள் என்பதே அவள் குடும்பத்தார் கூற்று. குழந்தை எடுத்த காரியத்தை முடித்தாள் என்றால் வாசகர் கண்ணீர் குறைந்துவிடுமோ?

இதற்கு மாறானதும் உண்டு. சார்லஸ் ஷூல்ஸ் 1990இல் தம் சார்லி பிரவுன் கூட்டத்தில் ஜானிஸ் என்னும் சிறுமியைச் சேர்த்தார். அவளுக்கு இரத்தப் புற்று. தனக்கு நடக்கும் சோதனைகளையும் மருந்துகளையும் அவளே தோழர்க்கு விளக்குகின்றாள். முடி உதிர்ந்த தலையைக் கண்டு ஒரு பையன் நகைக்கின்றான். தோழன் அவனைத் தட்டிக் கேட்கின்றான். முடிவில் ஊஞ்சலாடும் அவள் தலையில் மீண்டும் முடி! வேண்டுவது இத்தகைய நூலே.

"பொய்நம்பிக்கை ஊட்டுவதோ?" எனின், கணக்கைக் காண்க. செல்வ நாடுகளிற் புற்றுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர் என்றும், வருவாய் குன்றிய நாடுகள் பலவற்றில் 30க்கும் குறைவானவரே பிழைக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. காலந்தாழ்த்திக் கண்டறிதல், மருந்தின்மை, மருத்துவத்தைப் பாதியிற் கைவிடல் ஆகியன இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள். "எப்படியும் சாகும் பிள்ளைதானே" என்று கதை கேட்ட பெற்றோர் மருத்துவத்தை நிறுத்துவரேல், கொன்றது நோயா, கதையா?

கதைக்குப் பொருளில்லை என்பார்க்கு ஒன்று சொல்வேன். 1948இற் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றைச் சிலகாலமேனும் அடக்கியதை வெளியிட்டார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் அருகிலோ, சிங்கப்பூரும் மலேசியாவும் கூடி "மா-ஸ்போர்" ஆய்வைத் தொடங்கின. உடலில் எஞ்சிய புற்றணுக்களை அளந்து, நோய் விரைந்தடங்கும் பிள்ளைக்குக் கடுமருந்தைக் குறைக்கும் முறை அது. இவை கதைகளல்லவா?

தலைமுடியை எண்ணுக. நேர்த்திக்கடனுக்கு மொட்டையடித்த பிள்ளையின் சந்தனத் தலையைத் தடவி மகிழ்கின்றோம். மருந்தால் முடியிழந்த பிள்ளையைக் கண்டால் ஒதுங்குகின்றோம்! சிங்கப்பூர்ச் சிறுவர் புற்றுநோய் அறநிறுவனத்திற்காக ஆண்டுதோறும் பலர் தலைமழித்து, அப்பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் வழக்கம் 2003இல் தொடங்கிற்று. 2013இலோ அவ்வாறு மழித்துக்கொண்ட மாணவியர் சிலரை, அவர்தம் பெண்கள் பள்ளி பொய்முடி அணியப் பணித்தது. நலமுள்ள பெண்ணின் மொட்டைக்கே திரை வேண்டுமாயின், நோயுற்ற பெண் எங்கே முகங்காட்டுவாள்?

இன்னும், "முற்பிறவிப் பாவம்" என்பார் நம்மிடையே உளர். இந்நோய் தொற்றுவதன்று, பிள்ளை செய்த குற்றத்தால் வருவதுமன்று. ஒன்பது வயதுக் குழந்தையை வலியோடு குற்றவாளியுமாக்கும் அச்சொல்லினும் கொடிய ஊசி மருத்துவமனையில் இல்லை.

சில குழந்தைகள் இறக்கவும் செய்கின்றனர். அதனையும் எழுதத்தான் வேண்டும். சாவைச் சொல்லற்க என்பதன்று என் வாதம். கண்ணீர் விற்பதற்காகச் சாவைக் கொணரற்க என்பதே.

அன்று என் மருமகனிடம் நோயின் பெயரைச் சொன்னேன். அவன் அழவில்லை. "தொத்துமா மாமா?" என்றான். "தொத்தாது" என்றேன். சற்று எண்ணிப் பார்த்து, "அப்போ என் கிளாஸ் பசங்களுக்கு யார் சொல்றது?" என்றான்.

தமிழ் எழுத்தாளரே, பதிப்பாளரே, ஆசிரியரே! அக்கேள்வி உங்களுக்கு உரியது. ஒரு சிறு நூல் போதும்; படமிருக்கட்டும்; நோயின் பெயர் முதற் பக்கத்திலேயே இருக்கட்டும்.