நம் பெயரில் ஒரு பேரேடு

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்தக் களஞ்சியத்தை நிரப்பும் குருவிநத்தத்து உழவனோ, விதைக்கும் முன்பு கடன் கேட்டு நிற்கிறான். அறுத்த பின்பு கடன் கட்டி நிற்கிறான். இடையிலே ஆறு வந்து, கேட்காமலே அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தது, தவணை வடியவில்லை!

வடியாத தவணை எங்கே போய்ச் சேருகிறது, தோழர்களே? ஒரு பேரேட்டில்!

அந்த நாளில் வட்டிக்கடைக்காரர் நோட்டிலே எழுதினார். தவறாக எழுதினால், திண்ணையிலேயே நின்று சண்டை போட முடிந்தது. இன்று எழுதுவோர் முகம் நமக்குத் தெரியாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவற்றை ஆள்கிறது. பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக் கடன், தவணையிலே வாங்கிய கைபேசி என்று வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்புவதெல்லாம் அங்கே ஏறுகிறது. குறைந்தது ஏழாண்டு இருக்கிறது. 300 முதல் 900 வரை மதிப்பெண் வேறு! முன்பு “ஜாமீன் யார்?” என்று கேட்ட மேலாளர், இன்று “சிபில் எவ்வளவு?” என்கிறார், சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும் வைத்தியரைப்போல.

கடனோடு போகும் காரியமா இது? வேலைக்கும் வந்துவிட்டது! கடன் அறிக்கை சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ஓர் இளைஞரின் பணி ஆணையை ரத்து செய்தது. கடன்களைக் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில், தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்து, உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு. ஆற்று வெள்ளத்துக்கு மதிப்பெண் போடுவார் யாருமில்லை; அதிலே மூழ்கியவனுக்கு மட்டும் மதிப்பெண்ணா?

“வாங்கிய கடனைக் கட்டாதவனுக்கு வக்காலத்தா?” என்று கேட்பர் சில கனவான்கள். இல்லை, ஐயா! கட்டியவன் பெயரிலே ‘கட்டவில்லை’ என்றிருந்தால்? வாங்காதவன் பெயரிலே ‘வாங்கினான்’ என்றிருந்தால்? நடக்காததைச் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் திரைப்பட நடிகை சன்னி லியோன், தமது பான் எண்ணைக் காட்டி எவரோ 2,000 ரூபாய் கடன் வாங்கியதாக முறையிட்டார். அவருக்குப் புகழ் இருந்தது, ஊரே கேட்டது. நம் வீட்டுப் பெண்ணின் ஆதார் நகலும் பான் நகலும் எத்தனை மேசைகளில் கிடக்கின்றன? யார் கேட்பார்?

நாமே கேட்கவேண்டும். கேட்க உரிமையும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது நான்கு நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2017 முதல் நடப்பில் இருக்கிறது. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழை கண்டால் அந்த நிறுவனத்திடமோ கடன் கொடுத்த வங்கியிடமோ முறையிடலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு! 2024 ஏப்ரல் 26 முதல் இது விதி. அதன் பிறகும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். முதன்முதலாகக் கடன் கேட்பவனை, பழைய வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் விரட்டக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே அரசு சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் வங்கிச் சுவரிலே எழுதி வைத்திருக்கிறார்களா?

பார்க்கும்போது இரண்டு இடங்களில் கண் நிற்கட்டும். ஒன்று, ஜாமீன். நண்பனின் டிராக்டருக்கு நீ போட்ட கையெழுத்து உன் கணக்கிலும் ஏறும். அவன் தவறினால் உன் பெயரும் கெடும். இன்னொன்று, ‘முடிந்தது’ என்பதற்கும் ‘பேசி முடித்தது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. “பாதியைக் கட்டு, மீதியை விடுகிறோம்” என்று தேன் தடவிப் பேசி வாங்கிக்கொண்டு, ஏட்டிலே ‘பேசி முடித்தது’ என்று எழுதுவார்கள். அடுத்த வங்கி அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாது. முழுதும் கட்டினால், நிலுவை இல்லை என்ற கடிதம் இல்லாமல் வாசலைத் தாண்டாதே! சிபிலை ‘சரிக்கட்டித்’ தருவதாகப் பணம் கேட்கும் தரகனை நம்பாதே. உண்மையான பாக்கியை எவனும் அழிக்க முடியாது, பொய்யான பாக்கியை நீக்கக் காசு வேண்டாம்.

வங்கியிடம் உள்ள கைபேசி எண் பழையதா? உடனே மாற்று. யாராவது உன் அறிக்கையைப் பார்த்தால் நிறுவனமும், தவணை தவறியதாக எழுதினால் வங்கியும் செய்தி அனுப்பவேண்டும். பழைய எண்ணுக்குப் போகும் செய்தி யாருக்குப் பயன்?

அறிக்கை கைக்கு வருவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். உழவன் தலையெழுத்தை உழவனுக்குப் புரியாத மொழியில் எழுதும் கொடுமை இது. தமிழிலே கொடு என்று கேட்போம். கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். படிப்பகத்திலே ஞாயிறு காலை, ஆங்கிலம் படித்த பிள்ளைகள் நால்வர் உட்காரட்டும். பான் அட்டையும் கைபேசியும் கொண்டுவரும் பெரியவர்களுக்கு அறிக்கையை எடுத்து, வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை மட்டும் உரியவரே தட்டட்டும். அதை அந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்ல வேண்டாம்.