குறுக்குப் பெருக்கல் போதுமா?

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் விகிதக் கணக்கு வந்துவிடுகிறது. மூன்று எண்களைக் கொடுத்து நான்காவதைக் கேட்பார்கள். குறுக்கே பெருக்கு, வகு, விடையை எழுது, முழு மதிப்பெண்! முறையை நான் குறை கூறவில்லை. கி.பி. 499-இல் ஆரியபட்டர் சூத்திரமாகச் சொன்ன திரைராசிகம் அது. ஆனால், எங்கே பெருக்கலாம் என்று கேட்கக் கற்பிக்கும் முன்பே பெருக்கக் கற்பிப்பது முறைதானா?

சாங்வியில் நான் குடியிருக்கும் தெருவில் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ, வீட்டில் தமிழ். "நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஆறு டம்ளர் அரிசிக்கு?" என்றேன். "மூன்று" என்றான் ஒருவன். அரிசி இரண்டு கூடியதால் உளுந்தும் இரண்டு கூட வேண்டுமாம்! (அந்த இட்லியை உண்பவர் பாடு இறைவனுக்கே வெளிச்சம்.) பெருக்கவேண்டிய இடத்தில் கூட்டுவது ஒரு நோய். இதற்கு எதிர் நோயும் உண்டு. "ஐந்து சட்டைகள் கொடியில் உலர இரண்டு மணி நேரம், பத்துச் சட்டைகள் உலர?" "நாலு மணி!" என்று எல்லாரும் ஒரே குரலில் கூவினார்கள். எட்டு வயதில் 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பையன் பதினாறு வயதில் 240 சென்டிமீட்டர் வளர்வானா என்று கேட்ட பிறகுதான் சிரித்தார்கள்.

பாஸ்கராசாரியர் 1150-இல் இயற்றிய லீலாவதி இந்த இடத்தில் விழிப்பாக இருக்கிறது. ஒன்று கூட மற்றொன்று குறையும் இடத்தில் தலைகீழ் விதியைக் கொள்ளச் சொல்லி, பொன்னின் மாற்றையும் எடையையும் எடுத்துக்காட்டுகிறது. நம் பாடநூல்களோ நேர்விகிதத்தை ஒரு தலைப்பிலும் எதிர்விகிதத்தை மறு தலைப்பிலும் அடுக்கிவிடுகின்றன. இரண்டிலும் சேராத கணக்கு அரிது. தலைப்பைப் பார்த்தே முறையைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை எதற்காகச் சிந்திக்க வேண்டும்?

கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் 2025-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விலையை மனத்திலேயே போட்டுச் சில்லறை கொடுத்த பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ ஏட்டுக் கணக்கில் தேறி, சந்தைக் கணக்கில் தோற்றார்கள்!

பல்கலைக்கழகம் வந்தும் நோய் தீர்ந்ததா? வரைபடத்தில் தொடக்கப் புள்ளி வழியே செல்லாத கோட்டுக்கும் குறுக்குப் பெருக்கல் போடுவோர் நம் ஆய்வுக்கூடங்களில் இல்லையா? நாளை செவிலியாகப் போகும் பெண், குழந்தையின் எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிட வேண்டும். அங்கே போவது மதிப்பெண் அன்று, உயிர்.

ஆகவே, டியூஷன் சொல்லித்தரும் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் சூத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். "ஒன்று இரட்டித்தால் மற்றது இரட்டிக்குமா, பாதியாகுமா, அசையாமலே இருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். புனே ஆட்டோ மீட்டரைவிட நல்ல பாடநூல் வேண்டுமா? குறைந்தபட்சக் கட்டணம் இருப்பதால் இரு மடங்கு தூரத்துக்கு இரு மடங்கு கூலி ஆவதில்லை. வண்டி நகரும் முன்பே மீட்டரில் ஏன் பணம் நிற்கிறது என்று பிள்ளைகளே ஓட்டுநரைக் கேட்கட்டும்.