பையன் சொன்ன பாலிசியும் எங்கள் கணக்கும்

சம்பா நடவு முடிந்த கையோடு பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனை நீட்டினான். "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டுடலாம். செப்டம்பர் 22லேர்ந்து ஜிஎஸ்டியும் எடுத்துட்டாங்க." ரெண்டு பேருக்கும் சேர்த்து அஞ்சு லட்சம் கவர், வருஷத்துக்கு 38,000 ரூபாய். எனக்குச் சர்க்கரை இருக்கிறதால கொஞ்சம் கூடவாம்.

"நமக்குத்தான் முதலமைச்சர் அட்டை இருக்கேப்பா"ன்னேன். "அதை நம்பி எத்தனை நாளைக்குப்பா?"ன்னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பில்ல. நாலு நாள் யோசிச்சுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்களில் பல பேர் ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு இதே கணக்கைப் போட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

முதலில் அட்டை. 2009ல் கலைஞர் காப்பீடாக ஆரம்பித்தது, 2012ல் முதலமைச்சர் பெயரில் விரிவானது, 2018ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது. இப்போது குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கணும். பிரீமியம் நம்மகிட்ட கேட்கிறது இல்ல. முன்னாடியே இருந்த நோய்னு சொல்லித் தள்ளுறதும் இல்ல.

2023 பிப்ரவரி. அறுப்பு நேரத்தில் பருவம் தவறி மழை கொட்டியது டெல்டாக்காரர்களுக்கு மறக்காது. அதே வாரம் என் மச்சானுக்கு நெஞ்சுவலி. 108ல் தஞ்சாவூர் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டையில்தான் நடந்தது, ஒரு பைசா பில் இல்லை. இன்றைக்கு அவர் மாடு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

ஆனால் அந்தப் பதினோரு நாளில் அவர்கள் வீட்டில் 23,000 ரூபாய் செலவானது. கூட இருந்த ரெண்டு பேருக்குச் சாப்பாடு, பஸ், கார் வாடகை, வெளியில் எடுத்த பரிசோதனை. அதுபோக, ஆள் இல்லாமல் வயலில் சாய்ந்த நெல் அப்படியே முளைத்துப் போனது. வட்டிக்கு வாங்கியது அந்தச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான், ஆபரேஷனுக்கு இல்லை. பையன் காட்டிய பாலிசியும் இந்தச் செலவைத் தராது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

அடுத்து தனியார் பாலிசி. எங்கள் பங்காளி ஒருத்தர் திருப்பூரில் இருக்கிறார். அஞ்சு லட்சம் பாலிசி வைத்திருந்தார். அதில் ரூம் வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 வரைதான். இவர் ஆஸ்பத்திரியில் இருந்த 8,000 ரூபாய் ரூமில் படுத்துவிட்டார். வித்தியாசம் மூவாயிரம்தானே, கட்டிடலாம்னு நினைச்சிருக்கார். கம்பெனிக்காரன் டாக்டர் பீஸ், ஆபரேஷன் செலவையும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டான். ஏஜெண்ட் இதைச் சொல்லவே இல்லை என்றார். தாளில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். சர்க்கரை சம்பந்தமான எதற்கும் மூணு வருஷம் காத்திருக்கணும்னு பையன் பார்த்த பாலிசியில் போட்டிருக்கு. முன்பு நாலு வருஷம் வரை இருந்ததாம், 2024ல் மூணுக்கு மேல் போகக்கூடாது என்று குறைத்திருக்கிறார்கள். ஆக, எனக்கு எது வரும்னு பயப்படுறேனோ அதுக்கு மூணு வருஷம் பணம் கட்டின பிறகுதான் பாதுகாப்பு. 38,000 வீதம் மூணு வருஷத்துக்கு 1,14,000. வயசு ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் காத்திருப்பு மறுபடி மொதல்லேர்ந்து.

மூணு ஏக்கரில் ரெண்டு போகம் நல்லபடியா விளைஞ்சா எங்களுக்குக் கையில் ஒரு லட்சம் நிற்பது பெரிசு. "நான் கட்டுறேம்ப்பா" என்கிறான் பையன். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கு, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் இருக்கு. அவன் வேலை ஒரு மாசம் ஆட்டம் கண்டால் முதலில் நிற்பது எங்கள் பாலிசிதான். ஜூனில் தவணை வந்தால் நான் கட்டவும் முடியாது. குறுவைக்கு விதை, உழவு என்று கை காலியாகிற மாதம் அது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. காத்திருக்கணும், தரையில் படுக்கிற நாளும் உண்டு. அட்டை வைத்திருந்தாலும் எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் எடுத்துக்காது. பட்டியலில் இருக்கிற இடம்தான், பட்டியலில் இருக்கிற சிகிச்சைதான். அஞ்சு லட்சத்துக்கு மேல் போகிற வியாதி வந்தால் நிலத்தைத்தான் பார்க்கணும். அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதை மறைக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். "ஏங்க, மாத்திரை வீட்டுக்கே வந்து குடுக்குறாங்க. அதை நீங்க ஒழுங்கா சாப்பிட்டா பாதிக் கணக்கு முடிஞ்சது." 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் அந்தப் பெண் மாசாமாசம் வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறது. நான்தான் அறுப்பு நேரத்தில் விட்டுவிடுவேன்.

கடைசியில் எடுத்த முடிவு இது. எங்கள் ரெண்டு பேருக்கும் பாலிசி வேண்டாம். ஒவ்வொரு அறுப்புப் பணம் வந்ததும் பத்தாயிரம் கூட்டுறவு வங்கியில் தனியாகப் போடுகிறோம். பையன் அனுப்ப நினைத்ததில் பாதியை அதே கணக்கில் போடட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் சாப்பாட்டுக்கும் காருக்கும் ஆள் கூலிக்கும் அது.

ஆனால் பையனை எடுக்கச் சொல்லிவிட்டேன். அவனுக்கு முப்பத்திரண்டு வயசு, நோய் இல்லை, பிரீமியம் குறைவு. கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டான். அவன் சம்பளத்துக்கு முதலமைச்சர் அட்டை கிடைக்காது. கம்பெனி கொடுக்கிற இன்சூரன்ஸ் வேலை இருக்கிற வரைக்கும்தான். பாலிசி நம்மை மாதிரி ஐம்பது தாண்டினவனைவிட அவனை மாதிரி ஆளுக்குத்தான் தேவை.

நீங்கள் ஊரில் பெற்றவர்களுக்குப் பாலிசி தேடுமுன் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். ரெண்டு பேர் பேரும் இருக்கிறதா, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். அட்டை இல்லையென்றால், தகுதி இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கிற பதிவு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தகுதி இல்லை, பாலிசிதான் வழி என்றால், சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதி எடுங்கள். ரூம் வாடகை வரம்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.