வரைபடத்தாள் இல்லாமல் வரையட்டும்

படாளம், கருங்குழி, மதுராந்தகம் பக்கத்துப் பள்ளிகளில் படித்து முடித்து, ரயிலிலோ பஸ்ஸிலோ செங்கல்பட்டுக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் சேரும் பிள்ளைகளுக்கு வரைபடம் புதிதல்ல. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதற்கென்றே 8 மதிப்பெண் கேள்வி இருக்கிறது. கணக்கென்றாலே பயப்படும் பிள்ளைகூட விட்டுவிடாத மதிப்பெண் அது. எக்ஸுக்கு மைனஸ் 4 முதல் 4 வரை மதிப்புகள், கீழே ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரிசை, கடைசி வரிசையில் ஒய். தாளின் மூலையில் அளவுத்திட்டம். புள்ளிகளைக் குறித்து அழகாக இணைத்தால் பரவளையம் வந்துவிடும்.

கல்லூரியில் முதல் பருவத்தில் தடுமாற வைப்பதும் இதே பழக்கம்தான்.

எக்ஸின் வர்க்கத்தை, அந்த வர்க்கத்தில் ஒன்று குறைத்தால் வருவதால் வகுக்கும் ஒரு சார்பைக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் உடனே அட்டவணை போடுவார். எக்ஸ் 0 என்றால் ஒய் 0. எக்ஸ் 2 என்றால் ஒய் 4/3. எக்ஸ் 3 என்றால் 9/8. எக்ஸ் 1 என்னும்போது பகுதி பூஜ்ஜியமாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு ஆதிப்புள்ளியையும் 2-க்கு நேரே உள்ள புள்ளியையும் சேர்த்து மேல்நோக்கி ஒரு வளைவை இழுத்துவிடுவார். அட்டவணையில் ஒரு கணக்கும் தப்பில்லை, படம் முழுக்கத் தப்பு.

ஆதிப்புள்ளியிலிருந்து 1-ஐ நோக்கிப் போகும்போது வளைவரை மேலே ஏறுவதே இல்லை. 0.9-இலேயே ஒய் மைனஸ் 4-க்குக் கீழே போய்விடுகிறது. அதன் பிறகு அடி காணாமல் சரிகிறது. 1-ஐத் தாண்டியதும் எங்கோ உச்சியிலிருந்து இறங்கி வருகிறது. சாதாரண வகுத்தல் போட்டாலே இது புரிந்துவிடும்: இந்தச் சார்பு, 1-உடன் ஒரு பின்னத்தைக் கூட்டியது, அந்தப் பின்னத்தின் தொகுதி 1, பகுதி எக்ஸ் வர்க்கத்தில் ஒன்று குறைவு. எக்ஸ் பெரிதாகப் பெரிதாகப் பின்னம் தேய்கிறது, ஒய் 1-ஐ மேலிருந்து நெருங்குகிறது. எக்ஸுக்குப் பதில் மைனஸ் எக்ஸ் போட்டாலும் விடை மாறாததால் இடப்பக்கம் வலப்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பம். வகைக்கெழு எதுவும் காணாமல், வெள்ளைத்தாளில், மூன்று துண்டுகளாக வளைவரை வந்துவிடுகிறது.

எங்கே உடைகிறது, எங்கே அச்சை வெட்டுகிறது, தூரத்தில் என்ன ஆகிறது, சமச்சீர் உண்டா என்று கேட்கும் இந்தப் பழக்கத்தைத்தான் முதலாண்டின் முதல் வாரத்திலேயே ஊட்ட வேண்டும். பாடத்திட்டத்தில் இது இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பாடநூல் நிறுவனத்தின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் சமச்சீர், தொலைத்தொடுகோடு, வளைவரை வரைதல் எல்லாம் உண்டு. ஆனால் அவை வகை நுண்கணிதப் பயன்பாடுகள் என்ற நீண்ட அத்தியாயத்தின் வால்பகுதியில் வருகின்றன. கல்லூரியோ, பள்ளியில் படித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நேரே அடுத்தடுத்த வகையிடலுக்கும் லைப்னிட்ஸ் தேற்றத்துக்கும் தாவிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்படி வரைந்து பழக உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வீட்டு மின்கட்டண ரசீதே போதும். 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு ரூ.2.25, அதற்கடுத்த 200-க்கு ரூ.4.50, கடைசி 100-க்கு ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,725. ஒரே ஒரு யூனிட் கூடினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரூ.4.50 போட்டார்கள், 501-ஆவது யூனிட்டுக்கு ரூ.8. மொத்தம் ரூ.1,958. ஒரு யூனிட்டுக்காக ரூ.233 கூடுதல். 2024 ஜூலையில் வீதங்கள் ஏறியபோதும் இந்தத் தாவல் போகவில்லை.

இதை மாணவர் கையால் வரையட்டும். 100 வரை தரையோடு படுத்த கோடு. அங்கிருந்து 200, 400 என்று ஒவ்வொரு படியிலும் சாய்வு கூடுகிறது, ஆனாலும் கோடு அறுவதில்லை. 500-இல் அறுந்து மேலே போய் உட்காருகிறது. கோடு முறிவதற்கும் அறுவதற்கும் உள்ள வேறுபாடு, அதாவது வகையிட முடியாமைக்கும் தொடர்ச்சியின்மைக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு பக்க வரையறை சொல்லியும் மனதில் நிற்காதது, இந்த ஒரு படத்தில் நின்றுவிடும். வீட்டில் அம்மா ஏன் 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார் என்பதும் கூடவே புரியும்.

மதுராந்தகம் ஏரியையும் விடக் கூடாது. முழு உயரம் 23.3 அடி. பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் பாதிக் கொள்ளளவு என்று நினைத்தால் தவறு. ஏரி மேலே போகப் போக விரிவதால், உயரத்துக்கு எதிராகக் கொள்ளளவை வரைந்தால் கோடு மேல்நோக்கி வளையும். எண் ஒன்றும் கேட்காமல், வடிவத்தை மட்டும் வரையச் சொல்ல இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது கஷ்டம்.

கையிலிருக்கும் செல்போனில் ஜியோஜீப்ரா நொடியில் வரைந்து காட்டும்போது கையால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிப் புத்தகமே அந்தச் செயலியை அறிமுகப்படுத்துகிறது, அது நல்லதுதான். ஆனால் எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்றை எக்ஸ் கழித்தல் ஒன்றால் வகுக்கும் சார்பைத் தட்டினால் திரையில் முழு நேர்கோடுதான் பெரும்பாலும் தெரியும். எக்ஸ் 1 ஆகும் இடத்தில் ஒரு புள்ளி இல்லை என்பது கண்ணுக்குப் படாது. முதலில் தாளில் யூகித்துவிட்டுப் பிறகு செயலியைத் திறப்பவர்தான் அந்த ஓட்டையைத் தேடுவார். ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, 1908-இல் முதலாண்டு மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் வகைக்கெழுவுக்குப் பல அத்தியாயங்கள் முன்பே சார்புகளை வரையச் சொல்லிவிடுகிறார். அந்த வரிசையில் நியாயம் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதத் திணறுகிறவர், தனக்குப் புரிந்ததைப் படத்தில் காட்டிவிட முடியும். ஆசிரியருக்கும், பிள்ளை தடுமாறுவது மொழியிலா கணக்கிலா என்று அப்போதுதான் தெரியும்.

திருத்துவது சிரமம் என்பார்கள். சிரமம் இல்லை. 5 மதிப்பெண் கேள்வி, வரைபடத்தாள் தரக் கூடாது. உடையும் இடங்களுக்கு ஒன்று, வெட்டும் இடங்களுக்கு ஒன்று, தூரத்து நடத்தைக்கு ஒன்று, சமச்சீருக்கு ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் படத்துக்கு ஒன்று. கோடு கோணலாக இருந்தால் குறைக்க வேண்டியதில்லை. அட்டவணை மட்டும் போட்டவருக்கு மதிப்பெண் இல்லை என்று வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடலாம்.